குங்குமம் கார் பெயின்டைக் கீறுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில், புதுக் கார் எடுப்பவர்களுக்கு யோசனைகள் என்று அரைப்பக்கம் வந்திருந்தது. டயர் காற்று, சோலார் ஃபிலிம், காப்புறுதி எல்லாம் நன்றாகவே இருந்தன. கடைசிப் பத்தியில்தான், கார் கொடுக்கும்போதே பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், போட்ட பிறகு பெயின்ட் குறை, கீறல் என்று போய் நிற்பதில் பயனில்லை என்று முடித்திருந்தீர்கள். எழுதியவர் பெயரைக் காணோம். எனக்குக் கார் விற்ற இளைஞர் சொன்னதும் இதையேதான். அவரே உங்களுக்கும் எழுதித் தருகிறாரோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். மன்னிக்கவும்.

நான் இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் 27 ஆண்டு பெயின்ட் பிரிவில் இருந்தவன். கடைசி ஒன்பது ஆண்டு மேற்பார்வையாளர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் கொஞ்சம் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு வரும், அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

கார் கொடுத்த நாள் மதியம் வருகிறேன் என்றேன். நம்பர் பிளேட் மாட்டவில்லை, சாயங்காலம் ஏழு மணிக்கு வாருங்கள் என்றார்கள். போனால் ஷோரூம் முழுக்க மஞ்சள் விளக்கு. காரின் மேல் பெரிய சிவப்பு ரிப்பன். என் மனைவி ஆசைப்பட்ட கருநீலம், அந்த வெளிச்சத்தில் நகைக்கடையில் வைத்த மாதிரி மின்னியது. கடை சாத்துகிற நேரம் என்று ஓர் ஊழியர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். படம் எடுத்தார்கள், குடை கொடுத்தார்கள், ஆறேழு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று, கார் எந்தக் குறையும் இல்லாமல் கைக்கு வந்தது என்ற தாள். போட்டேன். பட்டறையில் என் ஆள் எவனாவது விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது. சரி, அது என் தவறு. அதோடு என் தவறு முடிந்தது.

மறுநாள் காலை ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு எடுத்துப் போனோம். குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பானட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டினார். ஒன்பது மணி வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய சுழல்கள். மண் ஒட்டிய துணியால் அவசரமாகத் துடைத்தால் வருகிற கீறல்கள் அவை. எங்கள் புளோக்கில் ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் இருபது கார் துடைக்கிறார்களே, அந்தக் கார்களில் பார்க்கலாம். (அதைப் பற்றி நான்கு ஆண்டுக்கு முன் ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் அதை மூன்று வரியாக்கி, கார் நிறுத்துமிடத் தூய்மை என்று தலைப்புக் கொடுத்தீர்கள்.) 14 கிலோமீட்டர் ஓடிய காரில் அவை இருக்கக் கூடாது. இடது பின் கதவில் பெயின்டுக்குள் சிக்கிய தூசிப் புள்ளிகள். கைப்பிடிக்குக் கீழே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். நகத்தை வைத்து இழுத்தேன், மாட்டியது. நகம் வழுக்கிப் போனால் பெரும்பாலும் மேலே உள்ள நிறமில்லாத கிளியர் பூச்சோடு நின்ற கீறல், பாலிஷ் போட்டால் மறையும். மாட்டினால் ஆழம்.

அங்கிருந்தே விற்பனையாளருக்கு போன் செய்தேன். "நேற்று நன்றாக இருந்ததே அங்கிள். கோயிலில் பூசை செய்யும்போது ஏதாவது பட்டிருக்கும்" என்றார். அதுவும் காரைப் பார்க்காமலேயே. ஆசிரியர் அவர்களே, எந்தக் குங்குமத்துக்கு வட்ட வட்டமாகக் கோலம் போடத் தெரியும்? குருக்கள் மோதிர விரலால் தொட்டு இட்டார், உப்புத்தாளால் அல்ல. என் மகன், "விடுங்கப்பா, கார் ஓட்டத்தானே" என்கிறான். அவன் போனின் கண்ணாடியில் ஒரு கோடு விழுந்தபோது இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன்.

அன்று மாலையே பழைய நண்பர் ஒருவரிடம் பெயின்ட் கனம் அளக்கும் கேஜை இரவல் வாங்கினேன். இரும்புத் தகட்டில் வைத்தால் மேலே உள்ள பூச்சு மொத்தம் எத்தனை மைக்ரான் என்று காட்டும். (பம்பர் பிளாஸ்டிக், அதில் வேலை செய்யாது. அலுமினியத்துக்கு வேறு வகைக் கேஜ் வேண்டும்.) தொழிற்சாலையிலிருந்து வருகிற காரில் அடிப்பூச்சு, பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். என் காரின் பானட் 118. வலப்பக்கக் கதவுகள் 112, 121. இடது பின் கதவில் ஒன்பது இடத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கும் 260க்குக் கீழே இறங்கவில்லை, கைப்பிடிக்குப் பக்கத்தில் 287. அந்தக் கதவை எங்கேயோ இடித்து, இன்னொரு தடவை ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். கப்பலில் உரசியதோ, இறக்கிய இடத்தில் பட்டதோ, தெரியாது. சொல்லிக் கொடுத்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். தொழிற்சாலையில் வெறும் கூட்டுக்குப் பெயின்ட் அடித்து 140 டிகிரி அளவில் சுடுவார்கள். ரப்பரும் வயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய பிறகு பட்டறையில் 60 டிகிரி அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இரண்டும் ஒன்றல்ல. குங்குமம் கீறியது என்றே வைத்துக்கொள்வோம். அது 150 மைக்ரான் பெயின்டும் அடித்துவிட்டுப் போனதா?

எங்கள் தொழிலில் பெயின்ட் படாமல் விட்டுப்போன இடத்துக்கு 'ஹாலிடே' என்று பெயர். கப்பல்காரர் தரப்பு இன்ஸ்பெக்டர் ஒரு ஹாலிடே கண்டுபிடித்தால் எங்களுக்கு ஹாலிடே இல்லை. ஒருமுறை ஒரு டேங்கில் கனம் குறைகிறது என்று சொல்லிவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி மணல் அடித்துச் சுரண்டி முதலிலிருந்து பூசினோம். நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே என்று அவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை விற்றால் வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் சட்டம்; குறையுள்ள காரை ஆங்கிலத்தில் லெமன், அதாவது எலுமிச்சை என்பார்கள்) நடப்பில் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். பொருள் விற்பனைச் சட்டத்தில் தரம் என்று சொல்லும்போதே தோற்றமும் பூச்சும், சின்னக் குறைகள் இல்லாமல் இருப்பதும் சேர்ந்துதான் வருகின்றன. கீறல் என்றால் எப்போது விழுந்தது என்ற இழுபறி வரும், மறுக்கவில்லை. மூன்றாவது வாரம் பேரங்காடித் தள்ளுவண்டி இடித்த காரைக் கொண்டுபோய் நின்றால் விரட்டத்தான் செய்வார்கள். ஆனால் முதல் நாளே படம் எடுத்து, எழுதிக் கேட்கிறவனுக்குப் பயனில்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது? நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வந்தேன், ஐந்தாவது எலுமிச்சையில்தான் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

அப்புறம் அந்த சிராமிக் கோட்டிங், பெயின்டுக்கு மேலே பூசும் பாதுகாப்புப் பூச்சு. அதைப் போட்டால் சிறு கீறல்கள் மறைந்துவிடும் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. மறையாது. முதலில் பாலிஷ் போட்டுக் கீறலை எடுத்து, பிறகுதான் கோட்டிங். இல்லாவிட்டால் கீறலுக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட மாதிரிதான். பாலிஷ் என்றாலும் ஒவ்வொரு தடவையும் கிளியரில் சில மைக்ரான் போகும், அது இருப்பதே நாற்பது ஐம்பதுதான். எனக்கும் கோட்டிங் இலவசம் என்றுதான் கொடுத்தார்கள். உங்கள் கட்டுரைக்கு நேர் கீழே கால் பக்கத்துக்கு கோட்டிங் விளம்பரம் இருந்தது. தற்செயலாகத்தான் இருக்கும்.

என் சிஓஇ (கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) மட்டும் ஒரு லட்சத்து மூவாயிரம் வெள்ளி. காருக்குக் கொடுத்ததைவிட அதை வைத்துக்கொள்ளும் உரிமைக்குக் கொடுத்தது அதிகம், அதுவும் பத்தே ஆண்டுக்கு. அந்தச் சான்றிதழில் கீறல் எதுவும் இல்லை என்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஏலம் ஏறினால் முதல் பக்கம், இறங்கினால் ஆறாம் பக்கம் என்று போடுகிறீர்கள். வாங்கியவன் கைக்கு என்ன வந்தது என்பதற்கு ஒரு பக்கமும் இல்லை.

இன்றைய நிலவரம்: பானட்டுக்கு இலவச பாலிஷ், இரண்டு சர்வீஸ் கூப்பன் என்கிறார்கள். கதவைப் பற்றிப் பேச்சே இல்லை. அது மறுபடி பெயின்ட் அடித்த கதவு என்று எழுத்தில் தரவேண்டும், அதற்கேற்ப விலையைக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நாளைக்கு நான் விற்கப் போனால் வாங்குகிறவரும் ஒரு கேஜோடுதானே வருவார்? பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதன் பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம். அவ்வளவு நான் கேட்கப் போவதில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கடைசிப் பத்திக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பகலில், வெயிலில் நிறுத்திப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. இந்தக் கடிதம் நீளம் என்று தெரியும். வெட்டத்தான் வேண்டும் என்றால் சிஓஇ பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரான் கணக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பெயின்ட் மேற்பார்வையாளர்,
ஈசூன்