கறுப்பு மணல் எல்லா சிக்லிட்டுக்கும் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த வண்ண மீன் குறிப்பில், சிக்லிட் என்ற குடும்பத்து மீன்களுக்கு (டிஸ்கஸ், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் இதில் அடக்கம்) நிறம் ஏற வேண்டுமானால் தொட்டியில் கறுப்பு மணல் போடுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். பாதிதான் சரி. அதை நம்பி, வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் இருபது கிலோ கறுப்பு மணல் தூக்கி வருகிறவர் டிஸ்கஸ் வளர்ப்பவராக இருந்தால், கொஞ்ச நாளில் தலையில் கை வைத்து உட்காருவார்.

மீன் தோலில் மெலனின் என்ற கரும்பொடி அடங்கிய செல்கள் உண்டு. மேலிருந்து விழும் வெளிச்சம் எவ்வளவு, தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எவ்வளவு என்று மீனின் கண் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். தரை வெளுப்பாக இருந்தால் கரும்பொடி செல்லின் நடுவில் ஒடுங்கி, மீன் வெளிறும். தரை கருமையாக இருந்தால் பொடி செல் முழுக்கப் பரவி, நிறம் அழுத்தமாகும். இது சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். வாரக்கணக்கில் அதே தரையில் கிடந்தால் அந்தச் செல்களின் எண்ணிக்கையே கூடும் அல்லது குறையும். ஒரே மீனை வெள்ளை வாளியில் அரை மணி நேரமும் கறுப்பு வாளியில் அரை மணி நேரமும் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆக, மீனுக்கு முக்கியம் மணலின் கலர் அல்ல, அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது என்பதுதான். நீல மீனுக்கு மஞ்சள் கல், மஞ்சள் மீனுக்கு நீலக் கல் என்று பொருத்தம் பார்ப்பதெல்லாம் நம் கண்ணுக்கு மட்டும்.

நீல நிறத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். பெரும்பாலான மீன்களில் நீலம் சாயம் அல்ல. தோலில் இருக்கும் குவானின் தகடுகள் ஒளியைத் திருப்புவதால் தெரிவது. அதற்குப் பின்னால் கருமை இருந்தால்தான் துலங்கும். அதனால்தான் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த நீல பீகாக்கும் அஹ்லியும் வெள்ளை மணலில் சாயம் போன துணி மாதிரி தெரிகின்றன. அவற்றுக்குக் கரும்பழுப்போ அடர் சாம்பலோ போடலாம். அதே ஏரியின் மஞ்சள் மீனான எலக்ட்ரிக் யெல்லோவுக்கு முழுக் கறுப்பு வேண்டாம். மஞ்சளின் மேல் புகை படிந்த மாதிரி ஆகலாம். டெமசோனிக்கும் அப்படித்தான், கறுப்புத் தரையில் அதன் கரும்பட்டைகள் எடுபடாது. இரண்டுக்கும் ஆற்று மணல் நிறமே போதும். டிஸ்கஸில் பிஜியன் பிளட் வகைக்குக் கறுப்புத் தரை அறவே கூடாது. உடம்பெங்கும் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் கிளம்பும். அதற்கு வெளிர் மணல் அல்லது வெறும் கண்ணாடித் தரைதான். சிவப்பையும் ஆரஞ்சையும் பெரும்பாலும் தீனிதான் தருகிறது. ஸ்பைருலினாவும் இறாலும் செய்கிற வேலையை மணல் செய்யாது. பெண் பீகாக்குக்கு எதைப் போட்டாலும் சாம்பல்தான்.

இனி மணல். நீளம், அகலம், மணல் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும், அதை 1.6-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ கிலோ. 90-க்கு 30 தொட்டியில் 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப 13 கிலோ போதும். நிறத்தைத் தணிக்க, ஆற்று மணல் இரண்டு பங்கு, கறுப்பு ஒரு பங்கு கலக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொடி மணல் கீழே இறங்கிவிடும், பருமனானது மேலே நிற்கும், சில வாரங்களில் தரை ஒரே நிறமாகிவிடும். 16-30 மெஷ் ஃபில்டர் மணல், அதாவது 0.6 முதல் 1.2 மி.மீ., பெரும்பாலான சிக்லிட்டுக்குச் சரியான பருமன். எம்-சாண்ட் மலிவுதான், ஆனால் மணி கூரானது, கல் தூசியும் அதிகம். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே துப்பும் ஜியோபேகஸுக்கு அதைப் போடவே கூடாது.

வாங்குமுன் ஒரு கைப்பிடி மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் தண்ணீரைக் கடினமாக்கும் சுண்ணாம்பு இருக்கிறது. மலாவி மீனுக்குப் பாதகமில்லை, மென்மையான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸுக்கு ஆகாது. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரே கடினமாக இருப்பதால், அங்கெல்லாம் மலாவி மீனுக்கென்று தனியாகப் பவளத் தூள் வாங்குவது வீண் செலவு. கலர் பூசிய கல்லை வெந்நீரில் ஒரு இரவு ஊறவிட்டு வெள்ளைத் துணியில் தேயுங்கள். துணியில் சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பாறைகளை முதலில் கண்ணாடி மேலேயே உட்கார வைத்து, பிறகுதான் மணல் போட வேண்டும். மலாவி மீன்கள் தோண்டும். மணல் மேல் நிற்கும் பாறை சரிந்தால் கண்ணாடி போய்விடும். ஓடுகிற தொட்டியில் மணலை ஒரே நாளில் மாற்றாதீர்கள். மீன் கழிவின் அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா நிறைய அதில் குடியிருக்கிறது, மொத்தமாக எடுத்தால் அம்மோனியா ஏறும். இன்று பாதி, மூன்று வாரம் கழித்து மீதி. மணல் கொட்டும்போது ஃபில்டரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மோட்டாருக்குள் மணல் போகும். கறுப்புத் தரையில் கழிவு கண்ணில் படாது. அழுக்கு தெரியவில்லை என்று சைஃபன் குழாய் போட்டுக் கழிவை உறிஞ்சி எடுக்காமல் விட்டால் சித்திரை வெயிலில் தண்ணீர் சீக்கிரம் கெடும்.

ஃபிளவர்ஹார்ன் வைத்திருப்பவர்கள் பலரும் மணலே போடுவதில்லை. ஆனால் தொட்டிக்கு அடியில் வெள்ளைத் தெர்மோகோல் இருக்கிறதே, மீனுக்கு அதுவும் வெள்ளைத் தரைதான். தொட்டி காலியாக இருக்கும்போது, தெர்மோகோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் வைத்தால் போதும், மணல் செலவே இல்லை.

இப்படிக்கு,
வண்ண மீன் வளர்ப்போர் சிலர்,
கொளத்தூர், சென்னை - 99.