நிலவன் பள்ளி பற்றிக் கேட்டாயே

கயல் கண்ணு,

நேற்று போனில் சரியாகப் பேச முடியவில்லை. நிலவனுக்கு 3 வயது ஆகப் போகிறது, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல பாலர் பள்ளி யூதர்களுடையது, மாப்பிள்ளை வீட்டிலோ "அங்கே போய் என்ன கத்துக்கப் போறான்" என்கிறார்கள், நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டாய். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் 11 வருஷம் உதவி ஆசிரியையாக இருந்திருக்கிறேன். நீ அப்போது ஹைஸ்கூல், நான் சாயங்காலம் களைத்து வருவதை மட்டும்தான் பார்த்திருப்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மணலில் விளையாடுவது, வண்ணம் பூசுவது, கோட்டு ஜிப்பைத் தானே போட்டுக்கொள்வது, இதெல்லாம் எந்தப் பள்ளியிலும் உண்டு. இங்கே கூடவே கொஞ்சம் எபிரேயப் பாட்டு, சில எழுத்துகள், சில சொற்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு குட்டிப் பையன் கதவைப் பிடித்துக்கொண்டு "அபா, அபா" என்று அழுதான். என் காதில் அது "அப்பா" என்றே விழுந்தது, தமிழ்ப் பிள்ளையோ என்று ஓடிப்போய்த் தூக்கினேன். இஸ்ரேலிலிருந்து வந்த குடும்பம். அவர்களுக்கும் அப்பா 'அபா'தான், அம்மா 'இமா'. கிளிக்கு 'துக்கி' என்பார்கள். பைபிளில் சாலொமோன் ராஜாவுக்குக் கப்பலில் மயில்கள் வந்ததாக ஒரு இடம் இருக்கிறது, அங்கேயும் இதே சொல்தான், அது நம்ம 'தோகை'யிலிருந்து போனது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் உனக்கு அதிகம் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சூரியன் மறைவதற்கு முன்பே ஷபாத் என்ற ஓய்வு நாள் தொடங்கிவிடும், சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை வேலை கிடையாது. பள்ளியில் அதை வெள்ளி காலையிலேயே கொண்டாடிவிடுவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உருண்டை மாவு. அதை மூன்று திரியாக உருட்டிச் சடை பின்னுவது போலப் பின்னினால் ஹல்லா ரொட்டி. உனக்குத் தினமும் பின்னிவிட்ட கைதானே, எனக்கு அது உடனே வந்துவிட்டது. நான் எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பின்னுவேன், அவர்கள் என் விரலையே பார்ப்பார்கள். ஒரு பெண் குழந்தை ஒவ்வொரு வாரமும் திரியை உருட்டி உருட்டி நூல் மாதிரி ஆக்கிவிடுவாள், நடுவில் அறுந்துபோகும், அழமாட்டாள், மறுபடி உருண்டையாக்கி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அது அறுந்துபோகாமல் முழுசாக வந்தது. அவள் அதை யாரிடமும் காட்டவில்லை, மேலே முட்டை தடவித் தானே தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

ரொட்டி வெந்து மணக்கும்போது உண்டியல் ஒன்று கை மாறி வரும். ட்ஸெடாகா என்று பெயர். வீட்டிலிருந்து கொண்டுவந்த காசை ஒவ்வொருவரும் போட வேண்டும், அது இல்லாதவர்களுக்குப் போகும். அந்தச் சொல்லுக்கு வேர் 'நீதி'. இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை, கொடுப்பதுதான் நியாயம் என்று அர்த்தம். நாமும் பிச்சை போடுவதை 'தருமம்' என்றுதானே சொல்கிறோம், அதே கருத்து. அப்புறம் விளக்கு. அந்த வாரம் ஷபாத் இமா, ஷபாத் அபாவாக இரண்டு பிள்ளைகள் முன்னால் உட்காருவார்கள், டீச்சர் இரண்டு மெழுகுவத்தியை ஏற்றியதும் எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள், முக்கால்வாசிப் பேர் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திராட்சைச் சாறு, ரொட்டி, ஒரு பாட்டு, முடிந்தது. வாரத்துக்கு ஒரு முடிவு உண்டு, அன்றைக்கு எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும் என்பது 3 வயதிலேயே கைக்குப் பழகிவிடுகிறது. நானும் உன் அப்பாவும் சனி, ஞாயிறு பார்க்காமல் ஓடிய வருஷங்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய படிப்பு என்று தெரிகிறது.

பண்டிகைகளை எல்லாம் எழுதினால் கடிதம் முடியாது. புது வருஷத்துக்கு ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவது, ஆட்டுக்கிடாக் கொம்பு ஊதுவது, அடுத்து வரும் கூடாரப் பண்டிகைக்கு வானம் தெரியும்படி ஓலை வேய்ந்த குடிலில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகையில் 8 நாளும் ஒரு விளக்கு கூடிக்கொண்டே போகும். 2000 வருஷத்துக்கு முன்னால் இதில் ஷம்மாய், ஹில்லேல் என்ற இரண்டு குருமார்களின் சீடர்களுக்குள் ஒரு சண்டை, ஷம்மாய் பள்ளியார் எட்டில் தொடங்கிக் குறைக்க வேண்டும் என்றார்கள், ஹில்லேல் பள்ளியார் ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும் என்றார்கள். ஹில்லேல் வழிதான் நின்றது, ஆனால் தோற்ற பக்கத்தின் வாதத்தையும் தால்முத் என்ற அவர்களுடைய பழைய சட்ட விளக்க நூலில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே தால்முதில், ஒரு ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் ஒரு உதவியாளர் வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதை ஒரு மூத்த டீச்சர் சொன்ன அன்றைக்கு என் வேலை மேல் எனக்கே ஒரு தனி மரியாதை வந்தது.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது பஸ்கா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பண்டிகை. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் மரங்களின் புது வருஷம் என்று ஒரு நாள் வரும், அன்றைக்குப் பிள்ளைகள் காகிதக் கப்பில் பார்ஸ்லி விதை போடுவார்கள், பார்ப்பதற்குக் கொத்தமல்லி மாதிரி இருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வார்கள். வசந்தத்தில் பஸ்கா விருந்துக்கு அந்த இலையையே பறித்து உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிடுவார்கள். எகிப்தில் அடிமையாக இருந்தபோது வடித்த கண்ணீர் அந்த உப்பு. பிறகு வீட்டில் எல்லோரையும்விடச் சின்னப் பிள்ளை எழுந்து கேட்க வேண்டும்: "இந்த ராத்திரி மட்டும் ஏன் மற்ற ராத்திரி மாதிரி இல்லை?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பெரியவர்கள் விடுதலைக் கதையைச் சொல்கிறார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும், தனியாள் என்றால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். எகிப்தியர் மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கோப்பையிலிருந்து ஒரு துளி எடுத்துவிடுவார்கள், எதிரி பட்ட துன்பத்துக்காக நம் சந்தோஷத்தில் கொஞ்சம் குறைய வேண்டும் என்று. நான் படித்த பள்ளியில் எதிர்த்துக் கேள்வி கேட்டால் பிரம்படி, அதனால் நான் உன்னையும் பல தடவை "சும்மா இரு" என்று அடக்கியிருக்கிறேன். அது தப்பு என்று அந்த வகுப்பறையில்தான் எனக்கு உறைத்தது.

மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாப்பிள்ளையின் அம்மா பயப்பட வேண்டாம். யூதர்கள் ஆள் சேர்ப்பவர்கள் இல்லை, தானாக வருகிறவரையே யோசித்துவிட்டு வா என்று சொல்வதுதான் அவர்கள் வழக்கம். சமூக மையம் நடத்தும் பள்ளிகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கட்டுப்பாடான ஆர்த்தடாக்ஸ் பள்ளிகள் வேறு மாதிரி, உங்களுடையது எது என்று முதலில் கேட்டுக்கொள். எங்கள் பள்ளியில் கார்த்திகை விளக்கைப் பற்றி என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், நான் அகல் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வாசலில் காவலாளி இருப்பார், கதவு எப்போதும் பூட்டியிருக்கும். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரத்து யூதத் தொழுகைக் கூடத்தில் ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றானே, அது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் பெற்றோர்கள் பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்ப மனசில்லாமல் நின்றார்கள். உள்ளே நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் மாவு பிசைந்தோம், ரொட்டி பின்னினோம், காசு போட்டோம். இது உன் மனசுக்கு ஒத்துவருமா என்று நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசுங்கள். நான் என்றால் சேர்ப்பேன்.

சேர்த்தால் டிபன் விஷயம் ஞாபகம் வைத்துக்கொள். பல பள்ளிகளில் வீட்டிலிருந்து கறி, கோழி கொண்டுவரக் கூடாது, பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பதால். அலர்ஜிக்காகக் கடலை, முந்திரிக்கும் தடை இருக்கலாம், தேங்காய்ச் சட்னிக்குக் கூடக் கேட்டுவிட்டு அனுப்பு. பஸ்கா வாரத்தில் ரொட்டி கிடையாது, ஐரோப்பா பக்கத்து யூதர்கள் பலர் அரிசி, பருப்பும் தொடமாட்டார்கள், அதனால் அந்த வாரம் மட்டும் இட்லி வேண்டாம், உருளைக்கிழங்கு வறுவலும் தயிரும் பழமும் வைத்துவிடு. வெள்ளிக்கிழமை காலையில் அவன் பாக்கெட்டில் ஒரு காசு போட மறக்காதே, நீ போடாதே, அவனையே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்.

அம்மா