யோகனுக்கு, வேகன் கொதிக்காது என்பதற்கு

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பின் யோகன்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குக் கல்யாணம் பொருந்திவிட்டது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். இங்கே நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி எவ்வளவு ஏக்கருக்கு என்று கூட்டம் நடக்கிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கிற நாங்கள் வழக்கம்போல வாய் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. ஆனால் மச்சான், "உன்ரை பழைய டிஎக்ஸ் வேகன் கார் முல்லைத்தீவு மட்டும் கொதிக்காமல் போகுமோ?" என்று கேட்டாயே, அதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. போகும். ஏன் போகும் என்பதையும் கேள்.

அதற்கு முதல் ஒன்று. விற்றுப்போட்டுப் புதிது வாங்கு என்கிறாய். கனடாவில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 மாசியில்தான். இடையில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் சொல்லி மாளாது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே 84ஆம் ஆண்டு வேகனும் நானும் இன்னும் கொஞ்சக் காலம் சேர்ந்துதான் ஓடவேண்டும்.

வன்னியில் கார் கொதித்தால் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். நான் திட்டுவது கிணற்றை. எங்கள் கிணற்றுத் தண்ணியைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் சில மாதத்திலேயே அடியில் வெள்ளையாகக் கல் படிந்துவிடும். அதே சுண்ணாம்பு எஞ்சினுக்குள்ளும் படிகிறது, அதுவும் சூடு கூடின இடமாகப் பார்த்து, சிலிண்டர்களுக்கு மேலே மூடியிருக்கிற ஹெட்டைச் சுற்றி. ஆவியாகப் போவது தண்ணி மட்டும். அதில் கரைந்திருந்த உப்பெல்லாம் உள்ளேயே கிடக்கும். தண்ணி குறைகிறதே என்று தினமும் விடிய ஒரு போத்தல் ஊற்றுகிறவர், போத்தலுக்குப் போத்தல் கொஞ்சம் கல்லையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறார். குறைகிற தண்ணி எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கமாட்டார்.

போன வருடம் எஞ்சின் தண்ணியை ஆறவைக்கிற ரேடியேற்றரைக் கழற்றி, டவுனில் ஈயம் ஒட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். பழைய வாகனத்தில் ஒரு வசதி, ரேடியேற்றர் செம்பும் பித்தளையும். ஈயத்தைச் சுட்டு இளக்கி மேல் தாங்கியைக் கழற்றலாம். இப்போது வருகிற அலுமினியம், பிளாஸ்ரிக் ரேடியேற்றருக்கு இந்த வைத்தியம் செல்லாது. தாங்கி எழும்பியதும் குனிந்து பார்த்தேன். வரிசையாக நிற்கிற தட்டைக் குழாய்களில் நடுவில் உள்ளவை திறந்திருந்தன. இரண்டு ஓரத்திலும் உள்ளவற்றின் வாயில் மண்ணிறப் பொருக்கு. அவர் மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு மேலும் கீழும் இழுத்தார். முதலில் கம்பி பாதியிலேயே நின்றது. பிறகு கரகரவென்று சத்தம், கீழே செங்கல்தூள் மாதிரிக் கொட்டியது. எனக்கு முந்தி வேகனை வைத்திருந்தவர் ஊற்றிய கிணறு முழுக்க அதற்குள்தான் இருந்தது. பின்னேரம் தாங்கியைத் திரும்ப ஒட்டி, காற்றடித்து, தொட்டித் தண்ணிக்குள் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்துத் தந்தார். மனுசன் அதிகம் கதைக்கவில்லை, வேலை சுத்தம். ரொய்லற் கழுவுகிற அசிட்டை ஊற்றினால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் கரைந்துவிடும் என்று எனக்குப் புத்தி சொன்னவர்களும் உண்டு. கல்லோடு சேர்ந்து அலுமினிய ஹெட்டும் கரையும், அதை யார் தருவார்கள்?

அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணி வேகனுக்குள் போகவில்லை. உப்பு வடித்துக் கானில் விற்கிற ஆர்.ஓ. தண்ணி, அல்லது மாரியில் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்துவைக்கிற மழைத்தண்ணி. அதோடு பாதிக்குப் பாதி, ரேடியேற்றருக்கென்றே விற்கிற கூலன்ற் திரவம். மொத்தமே ஐந்தாறு லீற்றர்தான், பெரிய செலவில்லை. உங்கள் கனடாவில் அதை ஊற்றுவது பனிக்காக. பாதிக்குப் பாதி கலந்தால் சைபருக்குக் கீழே 37 பாகை மட்டும் உறையாது. இங்கே எதுவும் உறையப்போவதில்லை என்று சொல்லி அதை வீண்செலவு என்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கிற துருத்தடுப்பு மருந்து. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கிற புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். வெறும் தண்ணி ஓடினால் ஒன்று துருப்பிடிக்கும், மற்றது அரித்துப்போகும். மருந்துக்கும் ஆயுள் உண்டு. சாதாரணப் பச்சைக் கூலன்ற் என்றால், நிறம் வடிவாக இருந்தாலும், இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது.

இனி நான் கராச்காரரோடு சண்டை பிடிக்கிற விஷயம். கொதிக்கிற காரைக் கொண்டுபோனால் முதல் வைத்தியம் தேர்மோஸ்டாற்றை, அதாவது எஞ்சின் சூடேறும்வரை தண்ணியை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற வால்வை, கழற்றி எறிவது. "வெக்கை நாட்டுக்கு இது தேவையில்லை அண்ணை." எஞ்சினுக்கு எந்த நாடு என்று தெரியுமா? 82 பாகைக்குக் கிட்டவோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ வேலை செய்யத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தேர்மோஸ்டாற் இல்லாவிட்டால் விடியப்பறம் சூடேறவே நேரமெடுக்கும். அதுவரை பெற்றோல் கூடக் குடிக்கும், ஒயிலில் ஈரமும் பெற்றோலும் சேரும், சிலிண்டர் தேயும். கழற்றினதும் மீற்றர் முள் கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்துவிட்டு வருத்தம் மாறிவிட்டது என்று காசை வாங்கிவிடுவார்கள். ரேடியேற்றர் அடைபட்டது அடைபட்டபடியே கிடக்கும். சந்தேகமென்றால் சோதிக்க வழி இருக்கிறது. சட்டியில் தண்ணி வைத்து, தேர்மோஸ்டாற்றை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்துச் சூடாக்கு. 82இல் நடுத்தட்டு மெல்ல விலகத் தொடங்கும், தண்ணி கொதிக்கும்போது முழுக்கத் திறந்திருக்கும். நான் மனைவியின் சட்டி ஒன்றில்தான் பார்த்தேன். அந்தச் சட்டி இப்போது அடுப்படிக்குள் வர அனுமதி இல்லை.

ரேடியேற்றர் மூடியை யாரும் கணக்கெடுப்பதில்லை. என்னுடையதில் அது தாங்குகிற அமுக்கம் 0.9 என்று அடித்திருக்கிறது. அந்த அமுக்கம் நின்றால் வெறும் தண்ணியே 118 பாகை மட்டும் கொதிக்காது. றப்பர் வெடித்து அமுக்கம் நிற்காவிட்டால் 100இலேயே கொதித்து வெளியே துப்பும். சின்னச் சாமான், மாற்றிவிட்டால் முடிந்தது. சூட்டோடு மட்டும் திறந்துவிடாதே, உள்ளே குளிர்ந்த தண்ணியை ஊற்றவும் வேண்டாம். ஹெட் கோணினால் பிறகு அழுதும் பிரயோசனமில்லை.

அப்புறம் பதர். அறுவடை நேரம் றோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள், நீ மறந்திருக்கமாட்டாய். முன்னால் போகிற லொறி கிளப்புகிற பதரும் தூசியும் பூச்சியும் வந்து ரேடியேற்றரின் செதில்களுக்குள்தான் குந்தும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணி அடித்தால் வந்த வழியே போய்விடும். சேர்விஸ் ஸ்ரேசனில் அடிக்கிற வேகத்துக்குச் செதில் எல்லாம் மடங்கிவிடும் என்பதால் இதை வீட்டிலேயே செய்கிறேன்.

எங்கே கொதிக்கிறது என்பதும் முக்கியம். நின்றும் ஊர்ந்தும் போகும்போது கொதித்தால் முதலில் விசிறியையும் பெல்ற்றையும் பார்க்கவேண்டும். ஏ9 வீதியில் நன்றாக ஓடும்போது முள் ஏறினால் பெரும்பாலும் ரேடியேற்றர் அடைப்பு. தண்ணி ஓடுகிற றப்பர் ஓஸ் அமத்தினால் பஞ்சாக இருந்தால் மாற்று. காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் பண்ணும்போதே விடாமல் குமிழி வந்தால் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் இருக்கிற ஹெட் கஸ்கெற் பழுது, அது வேறு கதை, வேறு செலவு.

யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஆட்கள்தானே நாங்கள். சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவோம். ரேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள்தூள். அது ஓட்டையை அடைத்தது, குழாயையும் சேர்த்து அடைத்தது. அன்றைக்கு வேறு வழியில்லை. இப்போதும் சிலர் மஞ்சளோடுதான் நிற்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் எரிச்சல் வருகிறது.

வரும்போது ஒரு சாமான் கொண்டு வா. கூலன்ற்றை உறிஞ்சி எடுத்து எத்தனை பாகைக்குத் தாங்கும் என்று காட்டுகிற சின்னக் கருவி உங்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பொங்கலன்று வற்றாப்பளைக்குப் போகிற வாகனமெல்லாம் ஊர்ந்துதான் போகும், ஆகையால் வருகிற கிழமை பெல்ற்றைப் புதிதாகப் போடப்போகிறேன். ரிக்கற் திகதி சரிவந்தவுடன் எழுது. பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
குணா