பிடியரிசிக் கஞ்சிக்கு ஒரு நன்றி மடல்

அன்பானவர்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. நாசரேத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் இடையில் இருக்கும் எங்கள் சிற்றூரும் தீவாகக் கிடந்தது. என் கணவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது; வாரம் மூன்று நாள் திருநெல்வேலியில் டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிப்பது. வெள்ளிக்கிழமை செய்துகொண்டு வந்தவருக்கு அடுத்த முறை திங்கட்கிழமை, 18ஆம் தேதி. ஆனால் புதன்கிழமை மதியம்தான் போய்ச் சேர முடிந்தது. அவர் இன்று திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்றால் அதற்குப் பலர் கை கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய முகத்தைக்கூட அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் சர்ச்சைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கு. ஞாயிறு நள்ளிரவில் கால்வாய் உடைந்து தெருவில் தண்ணீர் ஏறியபோது, மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. தம்பி, அந்த இருட்டில் நீங்கள் விடாமல் கோயில் மணியை அடித்தீர்கள். மேட்டில் இருக்கும் கோயிலுக்கு வாருங்கள் என்று அந்த மணி சொல்வது சபையாருக்கு மட்டுமல்ல, ஊருக்கே புரிந்தது. என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கி வந்த நான்கு பிள்ளைகளில் இருவர் அம்மன் கோயில் தெருப் பிள்ளைகள். உங்கள் அம்மாமாருக்கும் என் நன்றி.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். முப்பது வருடமாக எங்கள் வீட்டுக் காலை ஜெபம், "ஆண்டவரே, இந்த நாளை உமக்கு ஒப்புக்கொடுக்கிறோம்" என்றுதான் தொடங்கும். உண்மையில் அந்த நாளைக் கையில் வைத்திருந்தது நான்தான். ஆசிரியையாக இருந்த பழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. டயாலிசிஸுக்கு முன் எடை, பின் எடை, எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு 700 மில்லிக்கு மேல் போகாமல் எத்தனை வாய்த் தண்ணீர், கார் வராவிட்டால் எந்த பஸ், பஸ் வராவிட்டால் எந்த ரயில். எழுதி முடித்த நோட்டின்மேல் ஆமென் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நோட்டு தண்ணீரோடு போய்விட்டது.

திங்கள் காலையில் கோயிலில் நூறு பேருக்கு மேல் இருந்தோம். அப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் பாத்திர அறையிலிருந்து பிடியரிசியை எடுத்தார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, கோயிலுக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கமாக ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவோம். அந்த ஞாயிறு மழையினால் ஆள் இல்லை, ஏலமும் நடக்கவில்லை. அந்த அரிசியில்தான் திங்களும் செவ்வாயும் கஞ்சி. சின்ன வயதில் என் அம்மா, "சமைத்து மிஞ்சினதைக் கொடுக்கிறதில்லை, சமைக்கும் முன்னே எடுக்கணும்" என்று சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கினார்கள். அரிசியில் நான் அதைத் தவறாமல் செய்தேன். என் நாட்களில் ஒருநாளும் செய்ததில்லை என்பது அந்தக் கஞ்சியை வாங்கும்போதுதான் உறைத்தது. அக்காமாரே, ஈர விறகை ஊதி ஊதி உங்கள் கண் சிவந்திருந்தது. என் கணவருக்கென்று தண்ணீரை ஒட்ட வடித்து, உப்பில்லாமல், சோறாகத் தனியே எடுத்துவைத்தீர்களே, யாரும் கேட்காமலே.

வாழையும் தென்னையும் விளைகிற ஊர். தோட்டக்காரர்கள் தாராளமாகத் தாரோடு கொண்டுவந்து இறக்கினார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு வாழைப்பழமும் இளநீரும் ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தங்கி இருதயத்தை நிறுத்திவிடும். பசியில் அவர் கை பழத்தை நோக்கிப் போவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த செவிலியர் மகளே, உன் வீடும் தண்ணீரில்தான் இருந்தது. இரண்டு நாளும் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்தாய், நாக்கு வறண்டபோது ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாய், படுக்கவிடாமல் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாய். சுற்றிலும் வெள்ளம், அவருக்கோ ஒரு மிடறு எண்ணிக் கொடுக்கவேண்டிய நிலை.

செவ்வாய் இரவு அவருக்குக் கால் வீங்கி, மூச்சு இரைக்கத் தொடங்கியது. குருவானவர் இருட்டில் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினார். "உம்முடைய சித்தம்... செய்யப்படுவதாக" என்ற இடத்தில் எனக்கு வாய் எழவில்லை. சித்தம் எதுவாக இருக்கும் என்ற பயம். சொல்லிவிட்டால் அவரைக் கொடுத்துவிட்டதாகிவிடும் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த ஆச்சி, எண்பதைத் தாண்டியவர்கள், இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லவேண்டாம் தாயி, உனக்கும் சேர்த்து நான் சொல்லுதேன்" என்று அந்த வரியை இரண்டு முறை சொன்னார்கள். ஒப்புக்கொடுத்தலைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நம்மால் முடியாத இரவில் இன்னொருவர் நமக்காக அதைச் செய்யலாம் என்று எனக்குக் காட்டியது ஆச்சிதான். விடியும்போது நானே சொன்னேன். பயம் போகவில்லை, பயத்தோடேதான் சொன்னேன்.

புதன் காலை கடற்கரையிலிருந்து லாரியில் படகு ஏற்றி வந்த மீனவச் சகோதரர்களே, எங்களைத் தண்ணீர் தாண்டிக் கொண்டுவிட்டீர்கள். படகின் முன்னால் மாதா படம் ஒட்டியிருந்தது. ஆற்றோரச் சாலை அறுந்து கிடந்ததால் சாத்தான்குளம் பக்கமாகச் சுற்றி, வழி விசாரித்து விசாரித்து ஓட்டிய வேன்கார அண்ணாச்சி, டீசல் காசைக்கூட வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வரமுடியாதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒரு இயந்திரமும் காலியில்லை. அப்போது தன் முறைக்காகப் படுக்கையருகே நின்ற மேலப்பாளையத்து பாய், என் கணவரின் மூச்சைப் பார்த்துவிட்டு, "முதலில் சாருக்குப் போடுங்கள்" என்றார். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். அவருக்கும் அது தள்ளிப்போகக்கூடாத நாள்தான். இரவுவரை வராந்தாவில் காத்திருந்தார். பாய், உங்களுக்காக எங்கள் வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம். உங்கள் துஆவில் எங்களையும் நினைப்பதாக நீங்கள் சொன்னதைக் கணவர் அடிக்கடி சொல்லிக்கொள்கிறார்.

இப்போதும் திங்கள், புதன், வெள்ளி திருநெல்வேலிப் பயணம்தான். புதிய நோட்டு வாங்கிவிட்டேன். எடையும் மாத்திரையும் எழுதாமல் முடியாது. ஆனால் அதைத் திறக்கும் முன், உலையில் அரிசி போடும் நேரத்தில், பிடியை எடுத்துப் பானையில் போட்டுக்கொண்டே அன்றைய நாளைக் கொடுத்துவிடுகிறேன். சில நாள் மதியத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்பதும் உண்மை. மறுநாள் மறுபடியும் பிடி எடுக்கவேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. படகில் என் கணவருக்குக் குளிர் நடுக்கியபோது தன் தோளில் கிடந்த நீலத் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திய தம்பி, நீங்கள் மணப்பாடா, வீரபாண்டியன்பட்டினமா, தூத்துக்குடியா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. துண்டு துவைத்து மடித்து எங்கள் அலமாரியில் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் கோயில்பிள்ளையிடம் கேளுங்கள், வீட்டைக் காட்டுவார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி