8708 மட்டும் போதாது: கார் உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் கார் உதிரிபாகக் கடை நடத்துவோருக்கும் உங்கள் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மிட்சுபிஷி செடியாவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னதும் கவுன்டருக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வருமே, அது எனக்குப் பழக்கம். 2006-ல் திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து வரத் தொடங்கிய கார். ராலி ஓட்டுகிறவர்கள் விரும்பி ஓட்டிய கார். உற்பத்தி நின்று பத்தாண்டுக்கு மேலாகிறது. இதற்கு இன்னும் ஸ்பேர் கேட்டு வருகிறவன் ஒன்று பணக்காரன், இல்லை பைத்தியக்காரன் என்பது உங்கள் கணக்கு. நான் பணக்காரன் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் காரில் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பாகத்தை, இறக்க வேண்டியதாயிற்று. டைமிங் பெல்ட் செட் மாற்றி ஓராண்டுகூட ஆகவில்லை. பூந்தமல்லி பைபாஸில் ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று அடங்கிப்போனது. செடியாவின் 4ஜி63 இன்ஜினில் இரண்டு பெல்ட். பெரியது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்கு, அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னது அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு. சின்னதுதானே என்று யாரும் மதிப்பதில்லை. அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் இறுகிப்போய், பெல்ட் கிழிந்து, அந்தத் துண்டுகள் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி, பல் தாவி, வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தன.

மெக்கானிக் இரண்டு டென்ஷனரை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, போன வருடம் கழற்றிய பழையது. ஆலையிலிருந்து வண்டியோடு வந்தது. விரலால் சுற்றினால் இன்னும் சத்தமில்லாமல் சுற்றுகிறது, பேரிங் விளிம்பில் தயாரித்த கம்பெனியின் பெயரும் எண்ணும் பொறித்திருக்கின்றன. மற்றொன்று, உங்களில் ஒருவர் "ஜப்பான் ஒரிஜினல் சார், கண்ண மூடிட்டுப் போடுங்க" என்று கொடுத்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. மிட்சுபிஷியின் மூன்று வைரச் சின்னமெல்லாம் அட்டைப்பெட்டியில்தான். பெட்டியை அச்சடித்தவர் நல்ல தொழிலாளி. பேரிங் செய்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

கடைக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், டீயும் வந்தது. பிறகு, "இது நாங்க குடுத்ததுதான்னு எப்படி சார் சொல்றீங்க?" என்று கேட்டார்கள். பில்லைக் காட்டினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: "பெல்ட் கிட், 1 செட். எச்.எஸ்.என். 8708."

எச்.எஸ்.என். என்பது வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண். 8708 என்றால் மோட்டார் வாகனப் பாகம். வரி போடுகிறவர்களுக்கு அது போதும். ஜி.எஸ்.டி.க்காக நான்கு இலக்கத்தைப் பிசகாமல் அச்சடிக்கத் தெரிந்த உங்கள் பில்லிங் மெஷினுக்கு, பணம் கொடுத்தவன் வாங்கிய பொருளின் எண்ணை அச்சடிக்க மட்டும் ஏன் தெரிவதில்லை? எந்த கம்பெனி பெல்ட், எந்த பேரிங், எந்த எண்? எதுவும் இல்லாத தாளை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தின் படியேறினால் அங்கும் இதே கேள்விதான் வரும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. விற்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் எண்ணையும், தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் பில்லில் எழுதுங்கள். ரப்பர் பாகமானால் தயாரித்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லாமே ஒரிஜினலாக வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. கதவுக் கைப்பிடிக்கும் மட்கார்டு கிளிப்புக்கும் லோக்கல் போதும். வாட்டர் பம்ப், ஆயில் சீல் போன்றவற்றுக்கு கார் கம்பெனிக்கே சப்ளை செய்யும் நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வருவது கிடைத்தால் அதுவே எனக்கு உசத்தி. அதே சரக்கு, சின்னத்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம். சஸ்பென்ஷன் புஷ்ஷில் ரப்பரா பாலியூரித்தேனா என்பது ஓட்டுகிறவன் முடிவு. பாலியில் வளைவுகளில் வண்டி இறுக்கமாக நிற்கும், நம்மூர் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்கு வந்து சேரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் டைமிங் பெல்ட்டிலும் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. எங்கே காசை மிச்சம் பிடிப்பது, எங்கே கூடாது என்று நான் தீர்மானிக்க வேண்டுமானால், கையில் இருப்பது எது என்று தெரிய வேண்டாமா?

இன்னொரு கூத்தும் நடக்கிறது. 4ஜி63 என்றதும் மிட்சுபிஷியின் வேகக் காரான ஈவோவின் பெல்ட்டை எடுத்து நீட்டுகிறீர்கள். ஈவோவில் இரட்டை கேம், செடியாவில் ஒற்றை கேம். இன்ஜின் குடும்பப் பெயர் ஒன்று என்பதற்காகப் பெரிய பெல்ட் ஒன்றாகிவிடாது. பாக எண்ணைப் பார்த்து விற்றால் இந்தக் குழப்பமே வராது.

தேதியை ஏன் கேட்கிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. "பழைய ஸ்டாக் சார், இப்ப கிடைக்கவே கிடைக்காது" என்று பெருமையோடு எடுத்து வைக்கிறீர்கள். இரும்பானால் சரி. ரப்பர் ரேக்கில் சும்மா கிடந்தாலும் கெட்டிப்படும். டயரில் 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரம் என்று இன்று எல்லோருக்கும் படிக்கத் தெரிகிறது. பெல்ட்டுக்கும் பிரேக் ஹோஸுக்கும் மட்டும் வயதைக் கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையைப் பற்றி ஆயிரம் பேசுகிறோம். அங்கே பழையதைப் பழையது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்கலாம், ஆட்டிப் பார்க்கலாம், பேரிங்கில் என்ன பொறித்திருக்கிறது என்று படிக்கலாம். ஏ.சி. போட்ட கடையில் சீல் வைத்த பெட்டியைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ரிட்டர்ன் கிடையாது.

பழைய கார் வைத்திருப்பதே குற்றம் என்பது போலத்தான் இந்த நாட்டில் எல்லாம் நடக்கிறது. 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நுகர்வோர் துறை ஓர் இணையதளமும் திறந்தது. வாகனத் துறையும் அதில் உண்டு. உரிமை இணையதளத்தில் பத்திரமாக இருக்கிறது, டென்ஷனர்தான் கிடைக்கவில்லை. ஜப்பானில் மாஸ்டா 2017-ல் தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு நின்றுபோன பாகங்களை மறுபடி செய்து தருவதாக அறிவித்தது. டொயோட்டா பழைய சுப்ராவுக்குச் செய்கிறது. நமக்கு அச்சடித்த அட்டைப்பெட்டி.

இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். உங்களிலும் நேர்மையாக, "இது டூப்ளிகேட் சார், வேண்டாம், ரெண்டு வாரம் பொறுங்க, நல்லது வரவழைச்சுத் தரேன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வண்டி இன்றும் ஓடுவது அவர்களால்தான். எண்ணை எழுதும் வழக்கம் வந்தால் முதலில் பயன்பெறப்போவதும் அவர்களே. மற்றவர்களுக்கு ஒன்றை மட்டும் பணிவுடன் நினைவூட்டுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 86-ன்படி, பொருளைத் தயாரித்தவர் யாரென்றே தெரியாத நிலையில் அதனால் விளையும் கேட்டுக்கு விற்றவரையே பொறுப்பாக்கலாம். தயாரித்தவர் பெயரை எழுதுவது எனக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பாதுகாப்பு.

சங்கப் பொறுப்பாளர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, உறுப்பினர் கடைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பாக எண், தயாரித்த நிறுவனம், ரப்பருக்குத் தேதி. புது மென்பொருள் எதுவும் வேண்டாம். பேனாவால் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஹெட் வேலை முடிந்துவிட்டது. அடுத்துப் பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்களும் முன் பிரேக் பேடும் வாங்க வேண்டியிருக்கிறது. எண்ணோடு பில் தரும் கடை எது என்று தெரியப்படுத்தினால் நேரே அங்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆவடியிலிருந்து ஒரு செடியா உரிமையாளர்