பம்பு வாங்குவதற்கு முன்: மகனுக்கு ஒரு கடிதம்

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நேற்றிரவு நீ கோவையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இரண்டு லிட்டர் கை பம்பு பன்னிரண்டு, எல்லாம் ஒரே வகை, மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்று போட்டிருந்தது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பம்பு அது. கார்ப்பெட்டும் சோபாவும் சுத்தம் செய்கிற நம்முடைய வேலைக்கு அது ஆகவே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலைத் தொடங்கியபோது நானும் அப்பாவும் பாரிமுனைக்குப் போய் செம்புதாஸ் தெருவில் அதே மாதிரி ஒன்றைத்தான் வாங்கி வந்தோம். ஆனால் பன்னிரண்டையும் ஒரே வகையாக வாங்குவதுதான் தவறு. போனில் சொன்னால் வண்டி ஓட்டிக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பம்பு என்பது ஒரு டப்பா, அவ்வளவுதான். அதற்குள் என்ன ஊற்றப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகு பம்பைத் தேட வேண்டும். நம் வேலையில் உள்ளே போவது பெரும்பாலும் மூன்று வகை மருந்து. நைலான், பாலியஸ்டர் கார்ப்பெட்டுகளில் அழுக்கை இளக்க அடிக்கிற கார மருந்து ஒன்று, அதன் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டுகிற எண்) 9 முதல் 11 வரை இருக்கும். காரத்தைச் சமன்படுத்தவும், தண்ணீர்க் கறையை எடுக்கவும் அடிக்கிற சிட்ரிக் அமிலம் போன்ற மருந்து இரண்டாவது. எண்ணெய், தார், பசை ஆகியவற்றுக்கு ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த கரைப்பான் மூன்றாவது. இந்த மூன்றையும் தாங்கும் பிளாஸ்டிக் டப்பா எளிதாகக் கிடைத்துவிடும். அந்த டப்பாவின் கழுத்திலும், பிடியின் அடியிலும், விரலால் அழுத்துகிற டிரிகருக்குள்ளும் இருக்கிற சின்னச் சின்ன ரப்பர் வாஷர்கள்தான் தாங்குவதில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது உனக்கு நினைவிருக்கும். வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தைகளைத் தொட மாட்டேன், அவற்றைத் தூக்கி எறியத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, எண்ணெய் பட்ட நாற்காலித் துணிகளையும் மேலோட்டமாகக் கறைபட்ட விரிப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆரஞ்சுக் கரைப்பானை வழக்கமான பம்பிலேயே ஊற்றி இரண்டு நாள் அடித்தேன். மூன்றாம் நாள் காலையில் பிடி கீழே இறங்க மறுத்தது. பலத்தைக் கொடுத்து அழுத்தியதில் கழுத்து வழியாக மருந்து கசிந்து, எவர் வீட்டுச் சோபாவைக் காப்பாற்றப் போனேனோ அவர்களுடைய சோபாவின் கைப்பிடியிலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் விழுந்தது. கூலியை வாங்கிக்கொள்ளாமல் வந்தேன். இரவு அப்பா பம்பைப் பிரித்து, உள்ளே இருந்த ஓ-ரிங்கை, அதாவது வளையம் போன்ற ரப்பர் வாஷரை, எடுத்து, டப்பாவோடு வந்த புது ஓ-ரிங்கின் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். ஊறவைத்த கொண்டைக்கடலைக்கும் ஊறவைக்காத கடலைக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிந்தது. விரலால் அழுத்தினால் அது வழுவழுவென்று நசுங்கியது. தன் பள்ளத்தில் திரும்ப உட்காரவே இல்லை.

அது ஈபிடிஎம் என்கிற ரப்பர். கார மருந்துக்கும் லேசான அமிலத்துக்கும் அதைப் போல உழைக்கிற ரப்பர் வேறில்லை. ஆனால் எண்ணெயும் ஆரஞ்சுக் கரைப்பானும் பட்டால் ஊதிவிடும். நைட்ரைல் என்கிற இன்னொரு ரப்பர் சாதாரண எண்ணெயைத் தாங்கும், ஆனால் ஆரஞ்சுக் கரைப்பானுக்கு அதையும் நம்ப முடியாது. அதற்கு வைட்டான் என்கிற ரப்பரில் செய்த வாஷர் போட்ட பம்புதான் வேண்டும். விலை அதிகம். அதற்காக எல்லாப் பம்பும் வைட்டானாக இருக்கட்டும் என்று வாங்கிவிடாதே. அம்மோனியாவும் அசிட்டோனும் அதற்கு ஆகாது, கடுமையான காரத்திலும் அது நாளாவட்டத்தில் கெடும். எந்த ரப்பர் என்று கடைக்காரரைக் கேட்டால், பெரும்பாலும் "நல்ல ரப்பர் சார்" என்பதுதான் பதிலாக வரும். நிறத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது, மூன்றுமே கறுப்பில் வருகின்றன. ஆகவே உபரி வாஷர் செட் கிடைக்கிற பம்பாகப் பார்த்து முதலில் ஒன்றே ஒன்று வாங்கு. உபரி வாஷர் ஒன்றை நீ பயன்படுத்தப் போகிற மருந்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, இரண்டு நாள் கழித்து எடுத்து, போடாத வாஷரோடு ஒட்டிவைத்துப் பார். பெருத்திருந்தால் அந்த மருந்துக்கு அந்தப் பம்பு வேண்டாம். உபரி வாஷர் தனியாகக் கிடைக்காத பம்பை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது நாசில், அதாவது மருந்து வெளியே வருகிற முனை. நீ அனுப்பிய படத்தில் இருப்பது திருகினால் கூம்பாகவும், இன்னும் திருகினால் நேர்கோடாகவும் பீய்ச்சுகிற வகை. சோபாவுக்கு அது சமாளிக்கும். கார்ப்பெட்டுக்கு விசிறி போல் தட்டையாக விரிகிற நாசில்தான் வேண்டும். அதில் 8002 என்று பொறித்திருந்தால், 80 பாகை விரிவு, 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் முக்கால் லிட்டர் என்று பொருள். கடையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, பம்பில் வெறும் தண்ணீரை ஊற்றி, ஒரு முழ உயரத்திலிருந்து ஒரே வேகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார். தாள் நனைந்து கறுக்கிற பட்டை ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் கறுத்து ஓரங்களில் புள்ளி புள்ளியாகச் சிதறினால், அதே கோடுகள்தான் கார்ப்பெட்டிலும் விழும். தாளில் ஓட்டை விழுகிற அளவுக்குப் பாய்ந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடு. மஞ்சுப் புகை போல மிதந்தாலும் வேண்டாம். அது துணியில் இறங்குவதைவிட உன் மூச்சில்தான் அதிகம் இறங்கும்.

ஓரிடத்தில் அதிகமாக நனைந்தால் என்ன ஆகும் என்பதை மண்ணடியில் ஒரு வீட்டில் பார்த்தேன். அடியில் சணல் வைத்துத் தைத்த கார்ப்பெட். மாலையில் பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலையில், நான் பம்பை இழுத்த வழியெல்லாம் தேநீர் கொட்டியது போலப் பழுப்புக் கோடுகள். சணலில் உள்ள நிறம் தண்ணீரில் கரைந்து, காயும்போது நூல் வழியாக மேலே ஏறி, நுனியில் வந்து தங்கிவிடுகிறது. அமில மருந்தை லேசாகத் தெளித்து, விசிறி போட்டுச் சீக்கிரம் காயவைத்துத்தான் அதை எடுத்தேன். கம்பளி விரிப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடுமையான கார மருந்தை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. உனக்கு அங்கே பவானி ஜமக்காளம் நிறைய வரும். அடிப்பதற்கு முன் ஓர் ஓரத்தில் மருந்தைத் தெளித்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார். சிவப்பு ஏறினால் கூலி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சோபாவின் அடியில் சீட்டு தைத்திருந்து, அதில் 'எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் தண்ணீர் மருந்தே ஆகாது. 'எக்ஸ்' என்றிருந்தால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி கார்ப்பெட்டுக்கு எனக்குச் சுமார் இரண்டு லிட்டர் மருந்து செலவாகும். அதற்கு நீளமான குழாயுடன் கூடிய ஐந்து லிட்டர் பம்பு, நின்றபடியே அடிக்கலாம். உன் முதுகு பிற்பாடு நன்றி சொல்லும். சோபாவுக்கு ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் கை பம்பு. விரலால் அழுத்தி அடிக்கிற சாதாரண பாட்டிலில் ஓர் அழுத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிதான் வரும். அரை லிட்டரை அதில் அடித்து முடிப்பதற்குள் ஐந்நூறு முறை விரலை மடக்க வேண்டும். எவ்வளவு பெரிய பம்பாக இருந்தாலும் கழுத்துவரை நிரப்பாதே. மேலே அடைபட்டிருக்கிற காற்றுதான் மருந்தைத் தள்ளுகிறது. கால் பங்காவது காற்றுக்கு இடம் விடாவிட்டால், பத்து விநாடிக்கு ஒருமுறை மறுபடி பம்பு அடித்துக்கொண்டே இருப்பாய். டப்பாவில் கோடு போட்டு அளவு தெரிகிறதா என்று பார். ஒரு பங்கு மருந்துக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் என்று மருந்தின் சீட்டில் போட்டிருந்தால், ஒன்றரை லிட்டர் கலவைக்கு நாற்பத்தைந்து மில்லி போதும். "இன்னும் கொஞ்சம்" என்று கூட்டி ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான் கார்ப்பெட் ஒரே மாதத்தில் திரும்ப அழுக்காகிறது; துணியில் தங்கிய சோப்பு தூசியைப் பிடித்துக்கொள்கிறது.

நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியும். அதில் மருந்து கலந்த காலத்தில் மாதம் ஒரு நாசில் அடைத்தது. மெட்ரோ லாரித் தண்ணீருக்கு மாறிய பிறகுதான் ஓய்ந்தது. உப்பும் கடற்காற்றும் சேர்ந்து டிரிகருக்குள் இருக்கிற இரும்பு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைத்து, துருத்தண்ணீர் வெள்ளைச் சோபாவில் சொட்டிய கதையும் உண்டு. கோவையில் கடற்காற்று இல்லை, ஆனாலும் ஸ்பிரிங் எவர்சில்வரா என்று கேட்டு வாங்கு.

இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். அமில மருந்துப் பம்புக்குச் சிவப்பு டேப், கார மருந்துப் பம்புக்கு நீல டேப், கரைப்பான் பம்புக்கு மஞ்சள் டேப் ஒட்டு; ஒன்றின் பம்பில் மற்றொன்றை ஊற்றாதே. பிளீச்சிங் கரைசலை இவற்றில் எதிலும் ஊற்றவே கூடாது, அது அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கறைக்குப் பெராக்சைடு கலந்தால் மிச்சத்தை அன்றே கீழே ஊற்று. மூடிவைத்த டப்பாவில் அது தானாகவே வாயுவை விட்டு அழுத்தம் ஏற்றும். அழுத்தத்தை விடுவிக்கிற வால்வு இல்லாத பம்பை வாங்காதே. பையன்கள் மூடியைத் திறப்பதற்கு முன் அந்த வால்வைத் தூக்கிக் காற்றை வெளியே விட வேண்டும் என்பதை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே சொல்லிவிடு. கரைப்பான் தீப்பற்றக்கூடியது, அதை அடிக்கிற வீட்டில் பூஜையறை விளக்கு எரிகிறதா என்றும் பார்க்கச் சொல்.

பழுது பார்ப்பதை அப்பா ஒரு தாளில் எழுதித் தருகிறேன் என்கிறார், அவர் எழுதினால் நான்கு பக்கம் ஆகும். நான் மூன்று வரியில் சொல்கிறேன். பம்பு அடித்தபின் பிடி தானாக மேலே எழும்பினால் அடி வால்வு போய்விட்டது. எதிர்ப்பே இல்லாமல் பிடி இறங்கினால் உள்ளே இருக்கிற கப் வாஷர் காய்ந்துவிட்டது. கழுத்தில் 'உஸ்' என்று சத்தம் வந்தால் பெரிய ஓ-ரிங். தேங்காயெண்ணெயும் வாசலினும் போடாமல் சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடு.

ஆகவே உன் பன்னிரண்டை இப்படிப் பிரித்துக்கொள்: சாதாரண ஈபிடிஎம் கை பம்பு ஆறு, தட்டை நாசிலோடு ஐந்து லிட்டர் மூன்று, வைட்டான் ஒன்று. மீதி இரண்டின் பணத்துக்கு வாஷர் செட்டும் நாசிலும் வாங்கு. சனிக்கிழமை கோவை எக்ஸ்பிரசில் மாமா வருகிறார். அந்த ஊதிப்போன ஓ-ரிங்கையும் அதன் ஜோடியையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பையன்களுக்குக் காட்டு. அவர் வந்து சேரும்வரை அந்த ஆர்டரைப் போடாதே.

அன்புடன்,
அம்மா