பழைய மர மெஷின் விற்பவர்களுக்கு: மோட்டாரில் ஒயர் சேரும் அந்த டெர்மினல் பாக்ஸைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்

பழைய மர வேலை மெஷின்களை வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். நான் பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆசாரி. வாடகை வீடு, பின்பக்கம் தகரக் கொட்டகை, சிங்கிள் பேஸ் மீட்டர். என்னைப் போன்றவர்கள் உங்களிடம் வருவது விலைக்காக மட்டும் அல்ல, அந்தக் காலத்து வார்ப்பிரும்பு மேசையின் கனத்துக்காகவும்தான். மெஷினில் நான் குறை சொல்ல மாட்டேன். "வீட்டில் சிங்கிள் பேஸ்தான்" என்று நாங்கள் சொன்னதும் நீங்கள் சொல்லும் பதிலில்தான் குறை.

"ஒரு கண்டென்சர் போட்டா ஓடும் தம்பி."

ஓடியது உண்மைதான். பலகை இழைக்கும் 9 அங்குல பிளேனர், மூன்று பேஸில் ஓட வேண்டிய 2 எச்.பி. மோட்டார். சுவிட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டு அப்படியே நின்றது. பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டேன் (தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், விரல் போய்விடும்), மெல்ல வேகம் பிடித்தது. சத்தம் கேட்க நன்றாகவே இருந்தது. வேப்பம்பலகை ஒன்றைத் தள்ளினேன். முக்கால் அடி போவதற்குள் திணறியது. நாலாவது பலகையில் மோட்டார் காயிலின் வார்னிஷ் கருகும் வாடை வந்ததும் அணைத்துவிட்டேன்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டுக் கிணற்று மோட்டாரை ஓட்டுவதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே இரண்டு பேஸுக்கும் நடுவில் இருப்பது 415 வோல்ட், மோட்டார் கேட்பதும் அதே 415. இல்லாத மூன்றாவது பேஸுக்கு மட்டும்தான் கண்டென்சர் ஒப்பேற்றுகிறது. வீட்டில் இருப்பதோ ஒரு பேஸும் நியூட்ரலும், அதாவது 230 வோல்ட். வோல்ட் பாதியானால் இழுவை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 415-க்குச் சுற்றிய மோட்டாருக்கு 230 கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு இழுவைகூட மிஞ்சாது. கண்டென்சர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

காயில் கட்டும் கடையில்தான் எனக்கு விடிந்தது. அந்த அண்ணன் மோட்டாரின் மூடியைக் கழற்றி, நூல் கட்டுக்குள் கிடந்த ஒரு ஸ்லீவை நகத்தால் நகர்த்திக் காட்டினார். உள்ளே மூன்று முனைகள் ஒன்றாக முறுக்கிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஸ்டார் பாயிண்ட். மூன்று காயிலும் இப்படி ஒரே முடிச்சில் சேர்வதுதான் ஸ்டார்; அப்போது 415-ல் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 230தான். "வெளியே மூணு ஒயர்தான் வருது, இன்னும் மூணு இங்கே தூங்குது" என்றார். முடிச்சை அவிழ்த்து, ஆளுக்கொரு புது ஒயர் பற்றவைத்து, ஆறையும் வெளியே கொண்டுவந்து, ஒவ்வொரு காயிலும் இரண்டு பேஸுக்கு நடுவில் நேராக வரும்படி டெல்டாவாக மாற்றிக் கொடுத்தார். இப்போது அதே காயிலுக்கு 230 வோல்ட்டே போதும். சிங்கிள் பேஸை வாங்கி மூன்று பேஸ் 230 தருகிற வி.எஃப்.டி. டிரைவ் ஒன்றை மாட்டினேன். வேப்பம்பலகை இப்போது வெண்ணெய் மாதிரி இழைகிறது.

இது எல்லா மோட்டாருக்கும் நடக்காது. நம் ஊரில் 2 எச்.பி. வரை பெரும்பாலும் ஸ்டார். 3 எச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415-க்கே டெல்டா. அதை 230 டிரைவில் மாட்டிப் பயனில்லை. காயிலை மாற்றிக் கட்ட வேண்டும், அல்லது ஈ.பி.யில் மூன்று பேஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்த வீடு என்றால் அதுதான் நேர்வழி என்பேன். இன்னொரு மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டு மூன்றாவது பேஸை உண்டாக்கும் ரோட்டரி கன்வெர்ட்டரும் உண்டு. ஆனால் 230-ஐ முதலில் 415 ஆக்க டிரான்ஸ்பார்மர் வேண்டும், சத்தம் வேறு. வாடகைக் கொட்டகைக்கு அது தேவையா?

டிரைவும் தொட்டதும் ஓடுகிற பொருள் அல்ல. மெஷினில் இருக்கும் பழைய ஸ்டார்ட்டரை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைத்தால், ஓட்டத்தில் ஒருமுறை அணைத்ததிலேயே டிரைவ் போய்விடலாம்; ஆன், ஆஃப் எல்லாம் டிரைவின் சொந்தக் கண்ட்ரோல் முனைகள் வழியாகத்தான். மரத்தூள் புகாத பெட்டிக்குள் அது இருக்க வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாகக் கிளம்பாதபடி செட்டிங்கும் வைக்க வேண்டும். அணைத்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்கும், உடனே கை வைக்கக் கூடாது.

இதையெல்லாம் நீங்கள் சொல்லித்தர வேண்டாம். விற்கும்போது மூன்று விவரம் மட்டும் சொல்லுங்கள்: மோட்டாரின் விவரத் தகடான நேம் பிளேட்டில் எத்தனை எச்.பி., ஸ்டாரா டெல்டாவா, வெளியே எத்தனை ஒயர் வருகிறது. பெயிண்ட் அடிக்கும்போது நேம் பிளேட்டின் மேல் அடித்துவிடாதீர்கள், அது போதும். மூன்று ஒயர்தான் என்றால் காயில் கடைக் கூலியை நாங்கள் விலையில் கழித்துப் பேசுவோம். சரி, உங்களுக்கு அதில் கொஞ்சம் நஷ்டம்தான். கருகிய மோட்டாரோடு திரும்பி வந்து வாசலில் நின்று சண்டை போடும் ஆள் ஒருவர் குறைவார்.

அடுத்த மாதம் பேண்ட் சா ஒன்று பார்க்க வருகிறேன். ஸ்பேனர் நானே கொண்டுவருகிறேன், டெர்மினல் பாக்ஸ் மூடியைத் திறக்க மட்டும் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசாரி